கிரீன் கார்டு வரிசையில் உங்க மார்க் ஷீட்டை யாரும் பார்க்கிறதில்லை, பிறந்த ஊரைத்தான் பார்க்கிறாங்க!

கொஞ்சம் நீளமான பதிவு இது. பஸ்ல நின்னுட்டு இருந்தீங்கன்னா சீட் கிடைச்ச பிறகு படிங்க, ஆனா முழுசா படிங்க. தெருவுக்கு நாலு இன்ஜினியர் இருக்கிற மாநிலம் நம்மது. அமெரிக்காவுல அண்ணன், ஜெர்மனியில தங்கச்சி, சிங்கப்பூர்ல மாமா பையன்னு உங்க வீட்ல இல்லாட்டியும் பக்கத்து வீட்ல ஒருத்தர் இருப்பாங்க.

2025 செப்டம்பர் 20 காலையில உங்க வாட்ஸ்அப் குரூப் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? முந்தின நாள்தான் அதிபர் டிரம்ப் கையெழுத்துப் போட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து புதுசா எச்-1பி விசாவுல ஆள் எடுக்கிற கம்பெனி ஒரு லட்சம் டாலர் கட்டணும். அன்னைக்கு ரேட்டுக்கு சுமார் 88 லட்சம் ரூபாய். 21-ஆம் தேதி பிறந்ததும் அமல். வருஷா வருஷம் கட்டணும்னு அவங்க வர்த்தக அமைச்சரே முதல்ல சொன்னார். வெளியில இருக்கிறவங்க எல்லாரும் ஒரு நாளுக்குள்ள திரும்பி வந்துடுங்கன்னு பெரிய கம்பெனிகள் மெயில் அனுப்பினாங்க. லீவுக்கு ஊருக்கு வந்தவங்க பெட்டியைக் கூட முழுசாப் பிரிக்காம ஏர்போர்ட்டுக்கு ஓடினாங்க. அடுத்த நாள் வெள்ளை மாளிகையிலிருந்து விளக்கம்: இது ஒரே தடவைதான், புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா கையில இருக்கிறவங்க பயப்பட வேண்டாம். அக்டோபர்ல இன்னொரு விளக்கம்: அங்கேயே படிச்சு முடிச்சு மாணவர் விசாவிலிருந்து எச்-1பி-க்கு மாறுறவங்களுக்கும் பொதுவா இந்தக் கட்டணம் கிடையாது.

அந்த வாரம் நம்ம பக்கத்துல வந்த கமென்ட்டுகளைப் பார்த்தேன். பாதிப் பேர் "பாவம்"னு சொன்னாங்க. மீதிப் பேர் "நல்லா வேணும், இங்க நம்ம வரிப்பணத்துல படிச்சுட்டு அங்க ஓடினவங்கதானே"ன்னு எழுதியிருந்தாங்க. அதுல சில பேர் நம்ம கட்சித் தோழர்களே! அதனாலதான் இந்தப் பதிவு.

ஒரு லட்சம் டாலர் பத்தி டிவியில எல்லாரும் பேசிட்டாங்க. ஆனா அது வாசல்ல புதுசாப் போட்ட பூட்டு. உள்ள போனவங்க 15 வருஷமா, 20 வருஷமா திண்ணையிலேயே உட்கார்ந்திருக்காங்களே, அதைப் பத்திப் பேச ஆளில்லை. வேலை விசா வேற, நிரந்தரமாத் தங்குற உரிமை வேற. இந்த வித்தியாசம் தெரியாமதான் நம்ம வீடுகள்ல "பையன் அமெரிக்காவுல செட்டில் ஆயிட்டான்"னு சொல்லிக்கிட்டு இருக்கோம். பல பேர் செட்டில் ஆகலை. விருந்தாளியா வேலை பார்த்துட்டு இருக்காங்க.

எச்-1பி எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1990-ல அமெரிக்கா போட்ட குடியேற்றச் சட்டத்துல வந்தது இது. வருஷத்துக்கு 65,000 பேர். 2004-ல போட்ட சட்டத்தால அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு இன்னொரு 20,000. மூணு வருஷம், அப்புறம் இன்னொரு மூணு வருஷம், மொத்தம் ஆறு. கேக்கிறவங்க அதைவிட பல மடங்கு அதிகம்ங்கிறதால குலுக்கல். ஆமா, 2025 வரைக்கும் சீட்டுக் குலுக்குற மாதிரியேதான் நடந்துச்சு. 2024 நிதியாண்டுக்கான குலுக்கலுக்கு வந்த பதிவுகள் ஏழரை லட்சத்தைத் தாண்டுச்சு. (ஏழரைன்னா நமக்குத் தெரியாதா!) ஒரே ஆளுக்கு நாலு கன்சல்டன்சி மூலமா நாலு சீட்டுப் போட்ட கதையெல்லாம் அதுல இருந்துச்சு. அடுத்த வருஷம் ஒரு ஆளுக்கு ஒரு வாய்ப்புத்தான்னு விதியை மாத்தினதும் அது 4 லட்சத்து 70 ஆயிரமா இறங்கிடுச்சு. அந்த மாற்றம் சரியானதுதான். குறுக்கு வழியில போனவனால நேர்மையா ஒரே ஒரு சீட்டு போட்டவன்தான் வருஷா வருஷம் தோத்தான்.

சரி, குலுக்கல்ல ஜெயிச்சாச்சு. ஆறு வருஷம் ஓடுது. கம்பெனிக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு, கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் பண்றாங்க. இந்த வேலைக்கு தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கலைன்னு விளம்பரம் கொடுத்து, தொழிலாளர் துறைகிட்ட சான்று வாங்கி, அப்புறம் ஐ-140-ன்னு ஒரு மனு போட்டு, அதுவும் பாஸ் ஆயிடுச்சு. நீங்க தகுதியானவர்னு அமெரிக்க அரசே எழுத்துல ஒத்துக்கிட்டாச்சு. இனிமே கார்டைக் கையில கொடுக்க வேண்டியதுதானே?

இங்கதான் 1990 சட்டத்தோட இன்னொரு வரி குறுக்க வந்து நிக்குது. வேலை அடிப்படையில வருஷத்துக்கு சுமார் 1,40,000 கிரீன் கார்டுதான். அதுல மனைவி, குழந்தைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. மாஸ்டர்ஸ் முடிச்சவங்க வர்ற இபி-2 பிரிவுல கணக்குப் போட்டா இந்தியாவுல பிறந்தவங்களுக்கு வருஷத்துக்கு சுமார் 2,800. மத்த நாடுகள் பயன்படுத்தாம மிச்சம் வச்சது சில வருஷம் கொஞ்சம் வரும், சில வருஷம் வராது. 4 லட்சம் பேர் கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே உச்சவரம்பு, 140 கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. எச்-1பி ஒப்புதல்கள்ல 70 சதவீதத்துக்கு மேல இந்தியர்களுக்குப் போகுது. ஆனா கிரீன் கார்டு வாசல்ல 7 சதவீதம். பத்து அங்குலப் பைப்புல தண்ணியை விட்டுட்டு கடைசியில ஒரு அங்குலக் குழாய் மாட்டினா என்ன ஆகும்னு மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என்ன ஆச்சுன்னு பாருங்க. அமெரிக்க வெளியுறவுத் துறை மாசாமாசம் விசா புல்லட்டின்னு ஒண்ணு வெளியிடும். எந்தத் தேதிக்கு முன்னாடி விண்ணப்பிச்சவங்களுக்கு இந்த மாசம் கார்டு கிடைக்கும்னு அதுல போட்டிருக்கும். 2025 அக்டோபர் புல்லட்டின்ல இபி-2 இந்தியாவுக்கு நின்ன தேதி 2013 ஏப்ரல் 1. நான் அப்ப ஸ்கூல்ல படிச்சுட்டு இருந்தேன். அன்னைக்கு வரிசையில நின்னவருக்கு அந்த மாசம்தான் முறை வருது. சீனாவையும் இந்தியாவையும் விட்டுட்டு மத்த நாடுகளுக்கு அதே புல்லட்டின்ல என்ன தேதி தெரியுமா? 2023 டிசம்பர் 1. இன்னைக்கு புதுசா வரிசையில நிக்கிற ஒரு இந்தியருக்கு எவ்வளவு காலம் ஆகும்னு வாஷிங்டன்ல இருக்கிற கேட்டோ இன்ஸ்டிட்யூட் 2023-ல ஒரு கணக்குப் போட்டுச்சு. 134 வருஷம்! ஆள் உயிரோட இருந்தாத்தானே கார்டு வாங்க முடியும், அதனால அந்த நம்பரை அப்படியே எடுத்துக்க வேண்டாம். இன்னைக்கு சேர்றவருக்கு அவர் வேலை பார்க்கிற காலத்துக்குள்ள கிடைக்காதுங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்.

இதுல பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. இந்த 7 சதவீதம் உங்க குடியுரிமையைப் பார்த்து இல்லை, நீங்க பிறந்த இடத்தைப் பார்த்து. ரெண்டு தமிழர்களை எடுத்துக்கங்க. ஒருத்தர் தஞ்சாவூர்ல பிறந்தவர், இன்னொருத்தர் யாழ்ப்பாணத்துல பிறந்தவர். ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல மாஸ்டர்ஸ், ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து சீட், ஒரே சம்பளம், ஒரே நாள்ல விண்ணப்பம். யாழ்ப்பாணத்துக்காரர் இலங்கைக் கணக்குல வருவார், ரெண்டு மூணு வருஷத்துல கார்டு. தஞ்சாவூர்க்காரர் இந்தியக் கணக்கு, ரிட்டயர்மென்ட் வரைக்கும் வரிசை. யாழ்ப்பாணத்து அண்ணனுக்குக் கிடைச்சதுல நமக்கு சந்தோஷம்தான், அது கேள்வியே இல்லை. ரெண்டு பேர் திறமையிலயும் என்ன வித்தியாசம்னுதான் கேக்கிறேன்.

இன்னொண்ணு. அப்பா துபாய்ல வேலை பார்த்தப்ப அங்க பிறந்த பையன், இந்தியப் பாஸ்போர்ட்தான் வச்சிருக்கான், படிச்சதெல்லாம் திருச்சி. அவன் அமீரகக் கணக்குல சேருவான்! திருச்சியிலேயே பிறந்த அவன் தம்பி இந்திய வரிசையில நிப்பான். ஒரே வயிறு, ஒரே பாஸ்போர்ட், ரெண்டு தலைவிதி. கணவன் அல்லது மனைவி வேற நாட்டுல பிறந்திருந்தா அவங்க நாட்டுக் கணக்குல மாறிக்கலாம்னும் விதி இருக்கு. பத்துப் பொருத்தம் பார்க்கிற நம்ம ஆளுங்க பதினோராவதா இதையும் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டா ஆச்சரியப்படாதீங்க.

பிறந்த இடத்தை வச்சு ஆளை அளக்கிறது நமக்குப் புதுசா என்ன? பிறப்பால் தகுதி தீர்மானிக்கப்படக் கூடாதுன்னு நூறு வருஷமா போராடுற மண்ணு இது. அமெரிக்காவுலயும் இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1924 சட்டம் ஆசியாவிலிருந்து யாரும் குடியேற முடியாதபடி கதவை அடைச்சுது. 1946-ல கொஞ்சம் திறந்து வருஷத்துக்கு 100 இந்தியர்னு அனுமதிச்சாங்க. எழுத்துப் பிழை இல்லை தோழர்களே, நூறு பேர். 1965-ல மனித உரிமைப் போராட்டத்தோட சூட்டில்தான் அந்த இன அடிப்படை ஒதுக்கீட்டைத் தூக்கி எறிஞ்சாங்க. எல்லா நாடும் சமம்னு காட்டறதுக்காக நாட்டுக்கு ஒரு உச்சவரம்பு வச்சாங்க. அன்னைக்கு அது முன்னேற்றம். அதே உச்சவரம்புதான் இன்னைக்கு 7 சதவீதமா நம்ம கழுத்துல நிக்குது. சமமா நடத்துறதுக்கும் சமநீதிக்கும் உள்ள வித்தியாசத்தை நம்ம கட்சிக் கூட்டத்துல எத்தனை தடவை பேசியிருக்கோம்!

வரிசையில நிக்கிறதுன்னா என்னன்னு அங்க இருக்கிறவங்ககிட்ட கேளுங்க. ஐ-140 பாஸ் ஆனவங்களுக்கு ஆறு வருஷம் தாண்டியும் விசாவை நீட்டிச்சுக்கலாம், 2000-ல வந்த சட்டம் அதை அனுமதிக்குது. அதனாலதான் 15 வருஷம் ஆனாலும் அங்கயே இருக்காங்க. ஆனா வேலை போனா 60 நாள். அதுக்குள்ள வேற கம்பெனி மனு போடணும், இல்லாட்டி வீட்டை காலி பண்ணிட்டு, காரை வித்துட்டு, பள்ளிக்கூடத்துல பாதி வருஷத்துல டிசி வாங்கிட்டு கிளம்பணும். புது கம்பெனிக்குப் போனா அந்தத் தொழிலாளர் துறைச் சான்றிலிருந்து மறுபடியும் முதல்லயிருந்து. பழைய தேதியை மட்டும் பெரும்பாலும் தக்க வச்சுக்கலாம். சொந்தமா ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்னு ஐடியா இருந்தா அதை நோட்டுலயே வச்சுக்க வேண்டியதுதான். என் காலேஜ் சீனியர் ஒருத்தர் பதினொரு வருஷமா அங்க இருக்கார். அவரோட அப்பாவுக்கு ஆபரேஷன்னு சொன்னப்ப, ஊருக்கு வந்தா திரும்பிப் போக நம்ம ஜெமினி மேம்பாலத்து தூதரகத்துல ஸ்டாம்பிங் தேதி எப்ப கிடைக்கும்னு தெரியாம ரெண்டு வாரம் தவிச்சார். கடைசியில வீடியோ கால்லதான் பார்த்தார்.

மனைவிங்க நிலைமை இன்னும் மோசம். 2015-க்கு முன்னாடி எச்-4 விசாவுல இருக்கிறவங்க வேலை பார்க்கவே முடியாது. இங்க எம்.இ. முடிச்சு லெக்சரரா இருந்தவங்க அங்க போய் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க. ஒபாமா காலத்துல, கணவருக்கு ஐ-140 பாஸ் ஆகியிருந்தா மனைவி வேலைக்குப் போகலாம்னு விதி வந்துச்சு. அதை எதிர்த்து வழக்கு பத்து வருஷம் ஓடி, 2025 அக்டோபர்லதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துச்சு. விசா வச்சிருக்கிறவர் இறந்துட்டா குடும்பம் அதைச் சார்ந்து தங்குற உரிமையும் அவரோடவே போயிடும். அப்பா வரிசையில நிக்கும்போதே பிள்ளைக்கு 21 வயசு ஆயிட்டா, அந்தப் பிள்ளை தனி ஆள். ரெண்டு வயசுல போன குழந்தை, தமிழ் கூட தட்டுத் தடுமாறித்தான் பேசும், 21 முடிஞ்சதும் வேற விசா தேடணும், இல்லாட்டி தனக்குத் தெரியாத ஒரு நாட்டுக்குக் கிளம்பணும். அந்த நாடு இந்தியா.

இப்ப "ஓடினவங்கதானே" கமென்ட்டுக்கு வர்றேன். அரசு காலேஜ்ல படிச்சு வெளிய போனவங்க அனுப்புற பணத்துலதான் எத்தனையோ கிராமத்துல ஓட்டு வீடு மாடி வீடாச்சு, தம்பி தங்கச்சிங்க படிச்சாங்க. முதல் தலைமுறை பட்டதாரி ஒருத்தன் நியூ ஜெர்சி போறதை ஓட்டம்னு சொல்றவங்க, மூணு தலைமுறையா லண்டன்ல படிச்ச குடும்பங்களை அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இடம்பெயர்றது தப்புன்னா கடல் கடந்து போன நம்ம முன்னோர்களையும் சேர்த்துத்தான் திட்டணும்.

அமெரிக்கத் தொழிலாளர்கள் கோபத்தையும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். 2015-ல ஃப்ளோரிடாவுல ஒரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்துல, வேலை போகப் போற அமெரிக்க ஊழியர்களையே விசாவுல வந்தவங்களுக்கு டிரெயினிங் கொடுக்கச் சொன்ன செய்தி அங்க பெரிய கொதிப்பை உண்டாக்குச்சு. அது நியாயமான கொதிப்பு. ஆனா யோசிச்சுப் பாருங்க. விசாவுல வந்தவன் ஏன் குறைஞ்ச சம்பளத்துக்கு சம்மதிக்கிறான்? எதிர்த்துப் பேசினா வேலை போகும், வேலை போனா 60 நாள். கட்டிப் போட்ட மாட்டுக்கு தீவனத்தைக் குறைச்சாலும் அது எங்க போகும்? அதே ஆளுக்கு கிரீன் கார்டு கொடுத்தா அவனும் சம்பள உயர்வு கேப்பான், சங்கத்துல சேருவான், வேற கம்பெனிக்கு மாறுவான். பக்கத்து சீட்ல இருக்கிற அமெரிக்கரோட சம்பளமும் இறங்காது. இந்த வரிசையால லாபம் யாருக்குன்னா முதலாளிக்கு மட்டும்தான். ஒரு லட்சம் டாலர் கட்டணம் இதை மாத்தாது. அவ்வளவு காசு கட்டின கம்பெனி அந்த ஆளை இன்னும் இறுக்கிக் கட்டும், அவ்வளவுதான்.

அதே செப்டம்பர் 19 அன்னைக்கு டிரம்ப் இன்னொரு உத்தரவுலயும் கையெழுத்துப் போட்டார். கோல்டு கார்டு! பத்து லட்சம் டாலர் அமெரிக்க அரசுக்கு அன்பளிப்பா கொடுத்தா நிரந்தரக் குடியிருப்புக்கு விரைவுப் பாதை. கம்பெனி உங்களுக்காகக் கொடுத்தா இருபது லட்சம். ஏற்கெனவே இபி-5-ன்னு ஒண்ணு இருக்கு, கிராமப்புறத்துலயோ வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள பகுதியிலயோ 8 லட்சம் டாலர் முதலீடு பண்ணி 10 பேருக்கு வேலை கொடுத்தா கிரீன் கார்டு. அதுலயாவது பத்துப் பேருக்கு வேலைன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. இது நேரடியா கல்லாவுல பணம். தர்ம தரிசன வரிசையில 2013-லிருந்து ஆள் நிக்கிறப்ப, பக்கத்துல ஸ்பெஷல் டிக்கெட் கவுண்டர் திறந்தாச்சு.

அவங்க நாட்டுச் சட்டத்தை அவங்கதான் மாத்தணும். மாத்தவும் பார்த்தாங்க. நாட்டு உச்சவரம்பை நீக்குற மசோதா 2019 ஜூலையில பிரதிநிதிகள் சபையில 365-க்கு 65-னு பாஸ் ஆச்சு. ரெண்டு கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போட்டுச்சு. செனட்ல அதை முன்னெடுத்தவங்கள்ல ஒருத்தர் நம்ம துளசேந்திரபுரத்து வேர் உள்ள கமலா ஹாரிஸ். 2020 டிசம்பர்ல செனட் வேற வடிவத்துல அதை பாஸ் பண்ணுச்சு. ரெண்டு வடிவத்தையும் ஒண்ணாக்கறதுக்குள்ள சபையோட காலம் முடிஞ்சு மசோதா செத்துப் போச்சு. துளசேந்திரபுரத்துல கோயில் பூஜையும் பேனரும் அமர்க்களப்பட்டுச்சு. அந்த மசோதாவைப் பத்தி நம்ம சேனல் எதுவும் ஒரு மணி நேரம் விவாதம் வச்சு நான் பார்க்கலை.

சரி, அது அவங்க கையில. நம்ம ஒன்றிய அரசு கையில இருக்கிறது என்ன? அதைத்தான் கேக்கணும்.

முதல்ல பணம். எச்-1பி-ல இருக்கிறவங்க சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடிக்கிறாங்க. கம்பெனியும் அதே அளவு கட்டுது. அந்த ஓய்வூதியம் கிடைக்கணும்னா கிட்டத்தட்ட பத்து வருஷம் கட்டியிருக்கணும். ஒருத்தர் வருஷம் ஒரு லட்சம் டாலர் சம்பளத்துல ஆறு வருஷம் வேலை பார்த்துட்டு திரும்பி வந்துட்டார்னு வைங்க. அவர் பங்கு மட்டும் 37,200 டாலர். செப்டம்பர் ரேட்டுக்கு 32 லட்சம் ரூபாய்க்கு மேல. திரும்ப வர்றது பூஜ்யம்! கிரீன் கார்டும் இல்லை, பென்ஷனும் இல்லை, பிடிச்ச காசும் இல்லை.

இதுக்கு வழி இல்லாம இல்லை. ரெண்டு நாடும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டா ரெண்டு நாட்டுல வேலை பார்த்த காலத்தையும் கூட்டிக் கணக்குப் பார்க்கலாம், தற்காலிகமா அனுப்பப்பட்டவங்களுக்கு ரெட்டைப் பிடித்தமும் இருக்காது. அமெரிக்கா சுமார் 30 நாடுகளோட அப்படி ஒப்பந்தம் வச்சிருக்கு. ஜப்பான் உண்டு, தென் கொரியா உண்டு, பிரேசில் உண்டு. இந்தியா இல்லை. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கும் மேலா பேச்சுவார்த்தைன்னு சொல்றாங்க. இந்தியாவோட சமூகப் பாதுகாப்புத் திட்டம் எல்லாரையும் பொதுவா உள்ளடக்கலைங்கிறது அமெரிக்கா தரப்புல சொல்ற காரணம். அப்போ நம்ம பி.எஃப். முறையை விரிவாக்கினா இங்க இருக்கிற கட்டடத் தொழிலாளிக்கும் நல்லது, அங்க இருக்கிற இன்ஜினியருக்கும் நல்லது. பிரிட்டனோட 2025 ஜூலையில கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தோட சேர்த்தே, தற்காலிகமாப் போற ஊழியர்களுக்கு மூணு வருஷம் ரெட்டைப் பிடித்தம் கிடையாதுன்னு பேசி முடிச்சாங்களே. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியலை? ஹூஸ்டன் மைதானத்துல 50,000 பேரைக் கூட்டி 'ஹவுடி மோடி' நடத்தினப்ப மேடையில பக்கத்துலயேதான் நின்னார் டிரம்ப். கூட்டத்துல இருந்தவங்கள்ல எத்தனை பேர் இந்த வரிசையில நின்னவங்களோ! இதுக்கு முன்னாடி இருந்த காங்கிரஸ் ஆட்சியும் இதை முடிக்கலை, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

ரெண்டாவது, வர்த்தக ஒப்பந்தம். எச்-1பி-யோட 65,000-ல 6,800 இடம் சிலிக்கும் சிங்கப்பூருக்கும் தனியா ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு தெரியுமா? 2003-ல ரெண்டு நாடும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்துல பேசி வாங்கினது. ஆஸ்திரேலியா 2005-ல வருஷத்துக்கு 10,500 இடத்தோட இ-3-ன்னு ஒரு தனி விசாவே வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் வர்த்தக ஒப்பந்தத்துக்குள்ள விசாவை நுழைக்கக் கூடாதுன்னு அமெரிக்க காங்கிரஸ்ல எதிர்ப்பு வந்தது உண்மை. இனிமே அது ஈஸி இல்லை. ஆனா 2025 பிப்ரவரியில ஆரம்பிச்ச இந்திய-அமெரிக்க வர்த்தகப் பேச்சுல வரி, சோயா, எண்ணெய்னு எல்லாம் மேசைக்கு வந்துச்சு. நம்ம பசங்க பேச்சு வந்துச்சா? அவங்க கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்ற இடத்துல நாம இருக்கோமா, இல்லை நாமும் ஏதாவது கேக்கிற இடத்துல இருக்கோமா?

அமெரிக்காவையே நம்பிக்கிட்டு இருக்காதீங்கன்னு ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில ப்ளூ கார்டு வாங்கி வேலை பார்த்தா, பி1 அளவு ஜெர்மன் தெரிஞ்சா 21 மாசத்துல, ஏ1 அளவு தெரிஞ்சாலே 27 மாசத்துல நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். எந்த ஊர்ல பிறந்தீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இந்தியத் திறன் பணியாளர்களுக்கு வருஷத்துக்கு 20,000-ஆ இருந்த விசாவை 90,000-ஆ உயர்த்துறோம்னு 2024-ல அறிவிச்சாங்க. கனடாவுல எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண் முறை, நாட்டுக்கு இவ்வளவுன்னு உச்சவரம்பு கிடையாது. ஆனா மதிப்பெண் வரம்பு ஏறி இறங்கும், வீட்டு வாடகை கண்ணைக் கட்டும். அமீரகத்துல கோல்டன் விசா பத்து வருஷம், அது குடியுரிமைக்குப் போற பாதை இல்லை. சாதாரணத் தொழிலாளியா வளைகுடா போனவங்களுக்கு அதுவும் கிடையாது, 30 வருஷம் உழைச்சாலும் வேலை முடிஞ்சா ஊர்தான். "100 சதவீதம் பி.ஆர். கேரண்டி"ன்னு பஸ் ஸ்டாண்ட்ல போஸ்டர் ஒட்டுற கன்சல்டன்சிகிட்ட மட்டும் போகாதீங்க. எந்த நாட்டு பி.ஆருக்கும் கேரண்டி கொடுக்க அந்த நாட்டு அரசைத் தவிர யாராலயும் முடியாது.

இன்னொரு விஷயம், சில தோழர்களுக்குப் பிடிக்காம போகலாம். மத்தவங்ககிட்ட நியாயம் கேக்கிற நாம நம்ம வாசலையும் பார்க்கணும். இந்தியாவும் 2016-ல வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு ஒரு குடியிருப்புத் திட்டம் கொண்டு வந்துச்சு. ஒன்றரை வருஷத்துல 10 கோடி இல்லாட்டி மூணு வருஷத்துல 25 கோடி ரூபாய் போட்டு, வருஷத்துக்கு 20 இந்தியர்களுக்கு வேலை கொடுக்கணும், பத்து வருஷம் தங்கலாம். அதாவது நம்ம ஒன்றிய அரசுக்கும் பணம் உள்ளவன்தான் விருந்தாளி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்துல வேலை பார்க்கிற கொரியன் இன்ஜினியர் 15 வருஷம் இங்க இருந்தாலும் விசாவைப் புதுப்பிச்சுக்கிட்டேதான் இருக்கணும். அவராவது சம்பளத்தோட, திரும்பிப் போக ஒரு நாட்டோட இருக்கார். 1983-லிருந்து வந்த ஈழத்துச் சொந்தங்கள்? முகாம்லயே பிறந்து, நம்ம பள்ளிக்கூடத்துலயே படிச்சு, நம்ம காலேஜ்லயே இன்ஜினியரிங் முடிச்ச பிள்ளைங்க இருக்காங்க. 1987 ஜூலைக்கு அப்புறம் பிறந்ததால, பெற்றோர் ரெண்டு பேரும் இந்தியக் குடிமக்கள் இல்லைங்கிறதால, பிறப்பால குடியுரிமை இல்லை. கேம்பஸ் இன்டர்வியூல செலக்ட் ஆனாலும் பாஸ்போர்ட் கேட்டா கொடுக்க எதுவும் இல்லை. 7 சதவீத வரிசையாவது நகருது. இவங்களுக்கு வரிசையே போடலை.

அதனால இந்தப் பதிவை ஃபார்வர்ட் பண்றதோட விட்டுடாதீங்க. உங்க தொகுதி எம்.பி. யாரா இருந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும் ஒரு கடிதம் போடுங்க. இந்த மூணு கேள்வியை நாடாளுமன்றத்துல எழுப்பச் சொல்லுங்க. அமெரிக்காவோட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப் பேச்சு கடைசியா எந்தத் தேதியில நடந்துச்சு, எங்க நிக்குது? வர்த்தகப் பேச்சுல இந்தியப் பணியாளர்களோட விசா பத்தி எழுத்துல ஏதாவது கேட்டிருக்காங்களா? முகாம்கள்ல பிறந்த ஈழத்தமிழர் பிள்ளைகளுக்கு நீண்டகாலத் தங்குரிமையாவது கொடுக்க என்ன தடை? கடிதத்தோட மாதிரி முதல் கமென்ட்ல இருக்கு, பேரும் தொகுதியும் மாத்தி அனுப்பினா போதும். வரிசையில நிக்கிற தோழர்கள் யாராவது இதைப் படிச்சா உங்க பிரையாரிட்டி டேட் எந்த வருஷம்னு மட்டும் கமென்ட்ல போடுங்க. எத்தனை பேர்னு எங்களுக்கும் ஒரு கணக்கு வேணும்.